பின்னுக்கு ஓடிய மான்

“…பஸ் அங்கால ஓடிட்டு, ஐயா. நிண்டு பாக்கவுமில்ல. அதில கிடந்த மான் மட்டுந்தான் எங்கட பக்கமா ஓடி வந்த” என்று தெய்வானை அக்கா சொல்லி வாயை மூட முன்னமே, ஊர்த்தலைவர் விதானையார் வீட்டு முற்றம் முழுவதும் சிரித்துவிட்டது.

“முன்னுக்கு ஓடுற பஸ்ஸில பின்னுக்கு ஓடுற மானா? அதுக்கு டிக்கட் ஆரு எடுத்த?” என்றான் தென்னையில் சாய்ந்து நின்ற ஒருவன்.

“காட்டுக்குப் போற பஸ் எண்டு ஏறியிருக்கும். பிழையான பஸ் எண்டு தெரிஞ்சதும் திரும்பியிருக்கும்” என்றான் இன்னொருவன்.

நானும் சிரித்தேன். பெரிய சிரிப்பில்லை. பக்கத்தில் நிற்பவர்கள் சிரிக்கும்போது முகம் தானாகக் கோணுமே, அந்த அளவுதான். ஆனாலும் சிரித்தேன். அது சிரிக்கிற கதை இல்லை என்பது, சொன்னவரையும் அவர் வீட்டுக்காரரையும் விட்டால், அந்த முற்றத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருவன் அந்த பஸ்ஸின் சாரதி. மற்றவன் நான். அந்த மானை ஒட்டியவன் நான்தான்.

ஒட்டுப்பட வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரே, படத்தை எவ்வளவு நேரம் ஊறவிடுவது, வார்னிஷ் எப்போது பசை பிடிக்கும் என்பதையெல்லாம் உங்களோடு மேசையில் நிற்பவர்கள் காட்டித் தருவார்கள். அதெல்லாம் கைப்பழக்கம். ஒரு நாள் கெட்டால் மறுநாள் திருத்தலாம். நான் எழுதப்போவது, கை நன்றாக வேலை செய்த ஒரு இடத்தில் புத்தி பிசகிப்போன கதை. இதை இந்த ஊரில் பலர் அறிவார்கள். என்னைக் கண்டால் இப்போதும் சிரிக்கிற வயதானவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சிரித்துச் சொல்வதை நீங்கள் கேட்பதற்கு முன் நான் சொல்லிவிடுவது நல்லது. அவர்கள் சிரிக்கும் பகுதி வேறு. எனக்கு இன்றைக்கும் முகம் கொடுக்க முடியாமல் இருக்கும் பகுதி வேறு.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்திய காலம். மட்டக்களப்பு நகரில் வாவிக்கரையோடு எங்கள் பட்டறை. சைக்கிளுக்கு வர்ணம், பஸ்ஸுக்குப் பெயரெழுத்து, தையல் மெஷினுக்குப் பூக்கொடி என்று எல்லா வேலையும் வரும். ஒட்டுப்படத் தாள்கள் சீமையிலிருந்து கொழும்புக்கு வந்து, அங்கிருந்து ரயிலில் எங்களுக்கு வரும். தாளைத் தண்ணீரில் ஊறவைத்து, வைக்க வேண்டிய இடத்தில் வைத்து, பெருவிரலால் மெல்லத் தள்ளினால் படம் வழுக்கி இறங்கும். வெறுந்தாள் கையோடு வந்துவிடும். பார்க்கிற சனத்துக்கு அது மாயம். “தாளைத் தண்ணியில போட்டான், சிங்கம் கரையேறிட்டு” என்பார் எங்களுக்கு எதிரே தேநீர்க்கடை வைத்திருந்தவர். சனங்கள் போகிறபோக்கில் சொல்லும் இப்படியான பேச்சுகளைப் பொறுக்கிச் சேர்ப்பது எனக்கு அந்த நாளிலேயே ஒரு பித்து. பள்ளிக்கூடம் எனக்குக் கொடுத்தது கொஞ்சம்தான். மிச்சத்தை இப்படித்தான் சேர்த்தேன்.

அதே பட்டறையில் காத்தான்குடியிலிருந்து வரும் தச்சர் ஒருவர் இருந்தார்; முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கும் முறையில் அவரைக் காக்கா என்போம். என்னைவிடச் சில வயதுதான் மூத்தவர். பஸ்களுக்கு மரத்தில் உடல் கட்டுவது அவர் தொழில். ஓய்வு கிடைத்தால் மிஞ்சிய பலகையில் சின்னக் கார் செய்வார். நூலைப் பிடித்துப் பெரிய காரை அளப்பார். அந்த நூலை மடித்து மடித்துச் சின்ன அளவுக்குக் கொண்டுவருவார். முழங்கை நீளத்தில் கதவும் விளக்கும் சில்லும் வைத்த கார் ஒன்று எழுந்து நிற்கும். ஆசுப்பத்திரி டொக்டரின் கார், தோட்டத்துரையின் கார் என்று ஊரில் ஓடிய வண்டிகள் எல்லாம் அவர் கையில் சின்னதாகிப் போய்க் கண்ணாடி அலுமாரிகளில் குடியேறின.

அந்தச் சின்னக் கார்களுக்குக் கோடும் எழுத்தும் படமும் ஒட்டுவது என் வேலை. பெரிய பஸ்ஸில் ஒரு காற்றுக்குமிழி இருந்தால் அது குமிழி. கையளவு காரில் அது மலை. நகத்தளவு எழுத்தைக் கதவின் நடுவில் நேராக நிறுத்தும்வரை மூச்சை அடக்கிக்கொண்டிருப்பேன். “உன்ட கை ஒட்டுதா, இல்ல பூவைக்குதாடா?” என்று ஒரு கிழவர் கேட்டார். அந்தப் பேச்சை நான் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தேன். புகழ் கேட்ட காதுக்கு மற்றச் சத்தங்கள் கொஞ்சம் மந்தம் என்பதை அப்போது நான் உணரவில்லை.

அந்த வருடம் மான் படம் வந்தது. பாய்ந்து ஓடும் மான், முன்கால் இரண்டும் காற்றில். ஒவ்வொரு தாளிலும் இரண்டு மான்கள். ஒன்று இடப்பக்கம் பார்த்து ஓடும், ஒன்று வலப்பக்கம் பார்த்து ஓடும். பஸ்ஸின் இரண்டு பக்கத்திலும் மான் எஞ்சினை நோக்கி ஓட வேண்டுமென்றால் அப்படி இரண்டு வேண்டும். ஒட்டுப்படத்தைத் திருப்பி ஒட்ட வழியில்லை. அதற்கு ஒரே முகம். நகரிலிருந்து தெற்கே போகும் தெருவில் ஓடிய மூன்று பச்சை பஸ்களின் முதலாளிமாரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் மான் கேட்டார்கள். மூன்றுக்கும் நானே ஒட்டினேன்.

மூன்றாவது பஸ்ஸுக்கு ஒட்டியபோதுதான் அது நடந்தது. வைகாசி மாதம். அம்மன் கோயில் சடங்குக்குச் சனம் போய்வரும் நாட்கள். அடுத்த நாள் விடிய பஸ் தெருவில் நிற்க வேண்டும். கச்சான் காற்று அனலாக அடித்துக்கொண்டிருந்தது. வார்னிஷ் எனக்குக் காத்திருக்கவில்லை. இடப்பக்க மான் நன்றாக இறங்கியது. வலப்பக்க மான் பாதி இறங்கிப் பாதி பிடித்துக்கொள்ள, நான் அவசரப்பட்டுத் தள்ளினேன். கழுத்தோடு கிழிந்தது. பெட்டியைக் கிண்டினேன். இருந்தது, முன்பு ஒரு சோடி கெட்டதில் மிஞ்சிய இன்னொரு இடப்பக்க மான் மட்டும்.

அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கலாம். ‘நாளை சரிசெய்வேன்’ என்று முதலாளியிடம் சொல்லியிருக்கலாம். வெறும் பலகையைப் பார்த்தால் எனக்குக் கூசும். இடப்பக்க மானையே வலப்பக்கத்தில் ஒட்டிவிட்டேன். மான் பின்சில்லை நோக்கி ஓடியது.

வண்டியை எடுக்க வந்த சாரதி சுற்றிப் பார்த்துவிட்டு நின்றான். என்னோடு ஒரே கடையில் சாப்பிடுகிறவன்.

“என்ன மச்சான், இவருக்கு வீட்ட போற எண்ணமா?”

“ஓடுற பஸ்ஸில மானை ஆருடா பாக்கிற? புதுத் தாள் வந்ததும் மாத்திவிடுறன், போ.”

புதுத் தாள் வந்தது. பஸ் ஓடிக்கொண்டே இருந்தது. நான் மாற்றவில்லை. முதலாளி பஸ்ஸின் வரவைப் பார்க்கிறவர், மானைப் பார்க்கிறவர் இல்லை. தினமும் அதில் ஏறி இறங்கிய சனங்களில் ஒருவர்கூட எதுவும் சொன்னதாக என் காதில் விழவில்லை.

கொஞ்ச நாளில் அந்த முதலாளிக்குத் தன் பஸ்ஸைச் சின்னதாகச் செய்து கடை அலுமாரியில் வைக்க ஆசை வந்தது. காக்கா செய்தார். பஸ்ஸின் முன் மட்காட்டில் ஒரு நெளிவு இருந்தது. சின்ன மட்காட்டிலும் அதே இடத்தில் அதே நெளிவை வைத்தார். சைக்கிளுக்கு வரும் தாளில் இருந்த சின்ன மான் சோடியை நான் எடுத்து ஊறப்போட்டேன். இந்த முறை இரண்டும் கிழியாமல் இறங்கின. இரண்டும் முன்னுக்கு ஓடின.

காக்கா குனிந்து பார்த்தார். “தம்பி, பஸ்ஸில இந்தப் பக்கம் மான் பின்னுக்குத்தானே ஓடுது?”

“அது பிழை, காக்கா. பிழையையும் சின்னதாச் செய்து கண்ணாடிக்குள்ள வைக்கிறதா?”

“நான் மட்காட் நெளிவ வெச்சிரிக்கேனே.”

“அது நீங்க நெளிச்ச நெளிவில்லையே.”

அவர் சிரித்தார். “சரி, உன்ட மான், உன்ட விருப்பம்” என்று சொல்லி உளியைத் துடைக்கப் போய்விட்டார்.

தம்பிமாரே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். மாதிரி செய்கிறவன் கையில் ஒரு ஆசை எப்போதும் இருக்கும். இருக்கிறதைவிட அழகாகச் செய்துவிடலாம் என்ற ஆசை. தன் வேலையையே சின்னதாகச் செய்யும்போது அந்த ஆசைக்கு இன்னொரு கால் முளைக்கும். பெரியதில் விட்ட பிழையைச் சின்னதில் அழித்துவிட்டால் பிழையே போய்விட்டது போல மனம் ஆறும். எனக்கு ஆறியது. முதலாளி மாதிரியை உயரத் தூக்கிப் பார்த்து, “தலைமயிர் அளவுக்கும் பிசகில்ல” என்றார். அதையும் நான் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

இனி மூத்ததம்பி அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெய்வானை அக்காவின் கணவர். நாவற்குடாவில் வாவியில் வலை இழுக்கிறவர். விடியப் பிடித்த மீனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நகருக்கு வருவார். அக்கா மிஞ்சிய மீனைத் தெருவோரத்தில் கூறு வைத்து விற்பார். புரட்டாதியில் ஒரு காலை, நகரிலிருந்து தெற்கே வந்த பச்சை பஸ் ஒன்று மாட்டு வண்டியை முந்துவதற்காகத் தெருவின் வலப்பக்கம் ஏறியது. எதிரே வந்த மூத்ததம்பி அண்ணனைச் சைக்கிளோடு தட்டி விழுத்திவிட்டு நிற்காமல் போய்விட்டது. அக்கா மீன் கூறோடு அதே வலப்பக்கத்தில்தான் குந்தியிருந்தார். தொடை எலும்பு முறிந்துபோய் அண்ணன் கிடந்தார். வண்டிக்காரர் வவுணதீவுப் பக்கத்து ஆள். மாட்டுக் கயிற்றைப் பிடித்தபடி தூங்கியிருக்கிறார், சத்தம் கேட்டு விழித்தபோது பஸ் போய்விட்டது. எந்த பஸ் என்று கேட்டபோது, ‘பச்சை பஸ், மான் போட்டது’ என்று அக்கா சொன்னார். பச்சையில் மான் போட்டது மூன்று. மூன்று சாரதிமாரும் தாங்கள் இல்லை என்றார்கள். அக்காவும் அண்ணனோடு ஆசுப்பத்திரி, முறிவு வைத்தியர் வீடு என்று அலைந்ததில் அந்தப் பேச்சு அப்படியே நின்றுபோனது.

பட்டறையில் நான் கேள்விப்பட்டதெல்லாம் ஆரோ ஒரு சைக்கிள்காரர் விழுந்தார் என்பதுதான். மாரி தொடங்க முன் பஸ்களைச் சுரண்டிப் புதுவர்ணம் பூசுவது வழக்கம். மூன்றாவது பஸ்ஸும் வந்தது. பின்னுக்கு ஓடிய மானை நானே சுரண்டி எடுத்தேன். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

அண்ணன் சேர்ந்திருந்த வலைக்காரர்களுக்குள் ஒரு வழமை இருந்தது. ஒருவர் நோயில் விழுந்தாலும் அடிபட்டாலும், எழுந்து வரும்வரை அவர் பங்கு மீன் அவர் வீட்டுக்குப் போகும். ஆனால் குடித்துவிட்டு விழுந்தவருக்குப் பங்கு இல்லை. அது அவர்களுக்குள் கண்டிப்பு. குடித்தவன் படகில் நின்றால் எல்லாருக்கும் ஆபத்து என்பதால் வைத்த கட்டு. மாரி முழுவதும் மூத்ததம்பி அண்ணன் வீட்டுக்கு மீன் போனது. பிறகு கள்ளுத் தவறணையில் ஒரு பேச்சுக் கிளம்பியது. பஸ்ஸுமில்லை, மானுமில்லை, அந்தாள் குடிவெறியில் தானே பள்ளத்தில் விழுந்தார் என்று. யார் தொடக்கிய பேச்சென்று யாருக்கும் தெரியாது. வலைத்தலைவர் பங்கை நிறுத்தினார். தெய்வானை அக்கா விதானையாரிடம் போய், “எங்கட மனுசன் குடிக்கிற ஆள் இல்ல, விசாரிச்சுச் சொல்லுங்க” என்று முறையிட்டார். அண்ணன் கால் ஊன்ற இன்னும் மாதக்கணக்கு இருந்தது. பங்கு போனால் அந்த வீட்டில் உலை வைக்க வேறு வழியில்லை. குடிகாரன் என்ற பெயர் நிலைத்துவிட்டால், கால் தேறிய பிறகும் எந்தப் படகிலும் ஏற்றமாட்டார்கள்.

விதானையார் மூன்று முதலாளிமாரையும் அழைத்தார். மூன்றாவது பஸ்ஸின் முதலாளி கெட்டவரில்லை. தன் சாரதியை நம்பியவர். “பஸ்ஸக் காட்ட ஏலாது, புதுவர்ணம் பூசியாச்சு. பழைய மாதிரிதான் சின்ன பஸ் கிடக்கே, அதக் கொண்டுபோய்க் காட்டுவம்” என்றார். சின்ன பஸ் அந்த நேரம் தூசு தட்டி வார்னிஷ் பூச எங்களிடம் வந்திருந்தது. “நீயே கொண்டு வா, தம்பி. நான் பிடிச்சா கைபட்டு அழிஞ்சிடும்” என்றார்.

அப்படித்தான் துணியில் சுற்றிய சின்ன பஸ்ஸோடு நான் விதானையார் முற்றத்தில் நின்றேன். அக்கா சொன்னதை அங்கேதான் முதன்முதலாகக் கேட்டேன். மான் எங்கட பக்கமா ஓடி வந்த. சிரிப்பு ஓய முன்னமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மூன்று பஸ்ஸில் ஒன்றில்தான் மான் பின்னுக்கு ஓடியது. சாரதியைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தான்.

விதானையார் கையை உயர்த்திக் கூட்டத்தை அடக்கினார். முதலாளி துணியை விலக்கிச் சின்ன பஸ்ஸை முக்காலியில் வைத்தார்.

“பாருங்க ஐயா. இது என்ட பஸ்ஸ அளந்து செய்த மாதிரி. மட்காட் நெளிவுகூடக் கிடக்கு. ரெண்டு மானும் முன்னுக்குத்தான் ஓடுது. பின்னுக்கு ஓடுற மானை இந்தப் பிள்ளை எங்க கண்ட?”

விதானையார் குனிந்து இரண்டு பக்கமும் பார்த்தார். பார்த்த முகத்தில் ஒரு வியப்பு வந்தது. “அச்சொட்டா இருக்கே. ஆர் ஒட்டின?”

“இந்தத் தம்பிதான்” என்றார் முதலாளி. “இந்த ஊரில இப்படி ஒரு கை இல்ல, ஐயா.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சற்று முன் சிரித்த அதே முகங்கள். இப்போது மதிப்போடு பார்த்தன.

“தம்பி, பஸ்ஸிலயும் நீதானே ஒட்டின?”

“ஓம், ஐயா.”

“அதிலயும் இப்படித்தானா?”

எனக்குப் பயம் வந்தது என்று நினைக்காதீர்கள். முதலாளிக்கும் நான் பயப்படவில்லை, சாரதிக்காகவும் இரங்கவில்லை. மானைப் பின்னுக்கு ஓடவிட்டவன் நான்தான் என்று அந்த முகங்களுக்கு முன்னால் சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவுதான். வேறு காரணம் தேடித் தேடிப் பார்த்திருக்கிறேன், கிடைக்கவில்லை.

“மாதிரி எண்டா அப்படித்தானே, ஐயா” என்றேன்.

பொய் சொல்லாமல் பொய் சொல்கிற வித்தை அது. நம்முடைய வேலையில் இருக்கிறவர்களுக்கு அது இலகுவாக வரும். மேலே இருப்பதை மட்டும் காட்டுவதுதானே நம் தொழில். கேட்ட கேள்விக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பதிலை எடுத்து வைத்தேன். விதானையார் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார்.

தெய்வானை அக்கா முக்காலிக்குக் கிட்ட வந்தார். மீனின் கண்ணைப் பார்த்துப் பழுது சொல்கிறவர்கள் பார்ப்பது போல் அந்த மானையே பார்த்துக்கொண்டு நின்றார். “இதில முன்னுக்குத்தான் ஓடுது” என்று மெல்லச் சொன்னார். தன் கண்ணைத் தானே நம்பாமல் போகும் ஒரு முகத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். “ஆனா நான் கண்டனே, ஐயா. அவர் விழுந்து கிடக்கிறார், பஸ் போகுது, மான் எங்களப் பாத்து வருது. நான் கண்டனே.”

“பயத்தில கண்ணுக்கு என்னவும் தெரியும், பிள்ள” என்றார் விதானையார் இரக்கமாக.

“மனுசன் குடிச்சது, பொஞ்சாதிக்கு வெறி” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மறுபடியும் முற்றம் வெடித்துச் சிரித்தது.

மூத்ததம்பி அண்ணனை ஒரு சாய்கதிரையில் வைத்துத் தூக்கி வந்திருந்தார்கள். அவர் கதிரையின் கையைப் பிடித்து நிமிர்ந்தார்.

“விதானை ஐயா, போதும். நான் குடிச்சுத்தான் இருந்தன். அவளப் பாத்துச் சிரிக்க வேணாமெண்டு சொல்லுங்க.”

அக்கா திரும்பினார். “என்ன பேசுறீங்க?”

“வீட்ட போவம், வாகா” என்று அண்ணன் அக்காவின் பக்கம் கையை நீட்டினார்.

“அன்னைக்கு விடியத் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போன மனுசன்! அது என்ட கையால ஊத்தின தேத்தண்ணி!”

“வாகா எண்டன்.”

வலைத்தலைவர் தோளில் கிடந்த சால்வையை உதறிக்கொண்டு எழுந்தார். “அவனே சொல்லிட்டான். இனி என்னத்த விசாரிக்கிற?” அவரோடு வந்தவர்களும் எழுந்தார்கள்.

ஒரு மனிதன், தன் மனைவியைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பதற்காகத் தன் பங்கையும் பெயரையும் படகையும் ஒரே வசனத்தில் கொடுத்துவிட்டான். கொடுத்தது எதற்கு? என்னுடைய ஒரு ஒட்டுப்படத்துக்கு. இதை நான் உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும், தம்பிமாரே. அக்கா கெஞ்சியபோது என் வாய் திறக்கவில்லை. அவரை வெறிகாரி என்றபோதும் திறக்கவில்லை. ஒருவர் தனக்கு எதிராகவே பொய் சொன்ன பிறகுதான், எனக்கு உண்மை சொல்ல வாய் வந்தது. உண்மையைச் சொன்னாயே என்று பிறகு என்னைத் தட்டிக்கொடுத்தவர்கள் உண்டு. அவர்களுக்கு முன்னால் எனக்கு இன்னும் கூச்சம்.

“ஐயா” என்றேன். முக்காலிக்குக் கிட்டப் போனேன். “ஐயா, பஸ்ஸில மான் பின்னுக்குத்தான் ஓடின.”

விதானையார் என்னை உற்றுப் பார்த்தார். “இப்பத்தானே நீ அப்படித்தான் எண்ட?”

“நான் மாதிரியத்தான் திருத்தினன், ஐயா. பஸ்ஸத் திருத்தல்ல.”

கிழிந்த மானைச் சொன்னேன். கச்சான் காற்றைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அது சாக்காகவே கேட்டது. “மூண்டு பஸ்ஸிலும் நான்தான் ஒட்டினன். வலப்பக்கத்தில பின்னுக்கு ஓடின மான் ஒண்டே ஒண்டுதான். இந்த முதலாளிட பஸ். அந்தப் பக்கம் இருந்து பாக்கிற ஆளுக்கு, பஸ் கடந்து போன பிறகு, மான் தன்னப் பாத்து ஓடி வாற மாதிரித்தான் தெரியும். அக்கா கண்டது உள்ளது.”

முதலாளி என்னைப் பார்க்கவில்லை. தன் சாரதியைப் பார்த்தார். அவன் நின்ற இடத்திலேயே குந்தி, தோளில் கிடந்த துவாயால் முகத்தை மூடிக்கொண்டான். அதற்கு மேல் யாரும் எதையும் கேட்கத் தேவை இருக்கவில்லை. முதலாளி சடாரென எழுந்தார். வேட்டி தட்டி முக்காலி சரிந்தது.

“உன்ன நம்பித்தானேடா நான் இவ்வளவு சனத்துக்கு முன்னால வாய் திறந்தன்” என்றார் சாரதியிடம். அவரும் அன்றைக்கு வெட்கப்பட்டுத்தான் நின்றார்.

விதானையார் மூத்ததம்பி அண்ணன் பக்கம் திரும்பினார். “பின்ன ஏன்டா குடிச்சன் எண்டு சொன்ன?”

அண்ணன் மணலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “அவளச் சிரிச்சாங்க, ஐயா.”

வலைத்தலைவர் உதறிய சால்வையைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டு கதிரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். “பங்கு வீட்ட வரும். கால் ஆறினதும் உன்ட இடம் படகில கிடக்கும்” என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “விட்டுப்போட்டு எழும்பினனே, மூத்ததம்பி. மனசில வெச்சுக்காத” என்றார்.

அதோடு முற்றத்தின் இறுக்கம் கழன்றது. இறுக்கம் கழன்றால் சனத்துக்கு ஒரு சிரிப்பு வேண்டும். அது என் பக்கம் திரும்பியது.

“கைகாரன்! மானுக்கு ரிவேஸ் கியர் போட்ட கைகாரன்!”

“தம்பி, என்ட வண்டில் மாட்டுக்கு முகத்தப் பின்னுக்கு ஒட்டித் தாவன், தீனி வைக்க லேசா இருக்கும்.”

நல்ல பேச்சுகள். வேறு நாளாக இருந்தால் நானே பொறுக்கி வைத்துக்கொண்டு நாலு பேருக்குச் சொல்லிச் சிரித்திருப்பேன். அன்று அங்கிருந்து ஓடிவிடக் கால் துடித்தது. ஓடவும் முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அக்கா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் கொஞ்சம் ஆறும் என்று இருந்தது. மண்ணை அள்ளி எறிந்தாலும் வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.

அந்தக் கூட்டத்தில் அவர் மட்டும் சிரிக்கவில்லை. முக்காலி சரிந்தபோது சின்ன பஸ் உருண்டு, கலையத் தொடங்கிய சனத்தின் கால்களுக்கிடையில் கவிழ்ந்து கிடந்தது. யாரோ மிதிக்கப் போனார்கள். தெய்வானை அக்கா, “பாத்து, பாத்து” என்று அவர்கள் காலைக் கையால் ஒதுக்கிவிட்டுக் குனிந்தார். பஸ்ஸைத் தூக்கிச் சில்லுகளில் இருந்த மணலை ஊதினார். மான் ஒட்டியிருந்த பக்கத்தைச் சேலைத் தலைப்பால் அழுத்தாமல் துடைத்து, கீறல் பட்டிருக்கிறதா என்று வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார். நான் கையை நீட்டவில்லை. உடம்போடு ஒட்டிக் கிடந்த என் இரண்டு கைகளையும் தானே பிடித்து இழுத்து விரித்து, அவற்றில் அந்த பஸ்ஸை நேராக வைத்தார்.